கூடத்தில் யாருக்கு நாற்காலி?

வ. உ. சிதம்பரம் பிள்ளை பிறந்த ஊர் ஓட்டப்பிடாரம் என்பது பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படித்த எல்லோருக்கும் தெரியும். 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி அவர் பிறந்த வீடு இப்போது நினைவு இல்லமாக இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கம் போகிறவர்கள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். நானும் பார்த்தேன். ஆனால் இந்த வாரம் நான் சொல்ல வந்தது அந்த இல்லத்தைப் பற்றி அல்ல. அதே ஊரில், என் பெரியப்பா மகன் புதிதாகக் கட்டிக் குடியேறியிருக்கும் ஒரு சாதாரண வீட்டைப் பற்றி. அதிலும் அந்த வீட்டுக் கூடத்தைப் பற்றி. அதிலும் குறிப்பாக அந்தக் கூடத்துக்குள் நுழைய மறுத்த ஒரு ஸோபாவைப் பற்றி!

ஸோபா தூத்துக்குடியில் வாங்கியது. மூன்று பேர் உட்காரும் பெரிய ஸோபா ஒன்று, ஒருவர் உட்காரும் ஸோபா இரண்டு, நடுவில் போட ஒரு டீப்பாய். விலை 48,000 ரூபாய். என் மதினி ஆரம்பப் பள்ளி ஆசிரியை. இரண்டு வருஷம் சீட்டுக் கட்டி, அந்தப் பணத்தில் ஆசை ஆசையாக வாங்கியது. லோடு ஆட்டோ வாசலில் வந்து நின்றது. நான்கு பேர் பிடித்துத் தூக்கினார்கள். ஸோபாவின் உயரம் 34 அங்குலம், ஆழம் 36 அங்குலம். வாசல் நிலைக்குள் கதவு திறந்திருக்கும்போது இருந்த இடைவெளியோ 33 அங்குலம். படுக்க வைத்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள். கடைசியில் ஆசாரியைக் கூப்பிட்டுக் கதவைக் கீலிலிருந்து கழற்றி வைத்த பிறகுதான், ஒரு பக்கத்துத் துணி உராய்ந்து கிழிய, அது உள்ளே போயிற்று.

"நம்ம ஊர்க்காரர் 1906-லே கம்பெனி ஆரம்பிச்சு வெள்ளைக்காரனுக்குப் போட்டியா கடல்லே கப்பல் விட்டார். நமக்கு வாசல் வழியா ஒரு ஸோபா விட முடியலே!" என்று அண்ணன் சிரித்தாராம். மதினிக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கும் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் நான் ஓட்டப்பிடாரத்துக்குப் போனதே ஆச்சியைப் பார்ப்பதற்காக. 82 வயது ஆச்சி, இடது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு, அடுக்களை வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புது டீப்பாயின் முனையில் இடறி இரவில் விழுந்துவிட்டாள் என்று போனில் சொல்லியிருந்தார்கள்.

நாலு இடம் செய்த வேலை

அண்ணனுடைய பழைய வீட்டை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தெருவில் திண்ணை. படியேறினால் தார்சா. அதைத் தாண்டினால் பட்டாசல் — கூடத்துக்குத் திருநெல்வேலிச் சீமையில் அதுதான் பெயர். அப்புறம் இரண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல். அந்த வீட்டில் ஸோபா கிடையாது. நாற்காலிகள்கூட இரண்டோ மூன்றோதான். ஆனாலும் யாரும் நின்றுகொண்டிருந்ததாக எனக்கு நினைவில்லை. வழியே போகிறவர் திண்ணையில் உட்கார்ந்தார். கொடுக்கல் வாங்கல் பேச வந்தவர் தார்சா பெஞ்சில் உட்கார்ந்தார். உறவினர் பட்டாசலில் பாயில் உட்கார்ந்தனர். பெண்கள் இரண்டாங்கட்டில் உளுந்து புடைத்துக்கொண்டோ, மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டோ ஊர்க் கதை பேசினார்கள். உட்காரும் இடத்தை வீட்டோடு சேர்த்தே கொத்தனார் கட்டிக் கொடுத்துவிட்டார் என்று சொல்லலாம்.

புது வீட்டில் திண்ணை இல்லை, தார்சா இல்லை, இரண்டாங்கட்டு இல்லை. அவை நான்கும் செய்த வேலையை இப்போது ஒரே ஒரு 'ஹால்' செய்கிறது. பகலில் விருந்தினர் அறை. மாலையில் பிள்ளைகள் படிக்கும் அறை. இரவில் டெலிவிஷன் கொட்டகை. பத்து மணிக்கு மேல் ஆச்சியும் பேரனும் படுக்கும் அறை. நல்லது என்றாலும் துட்டி என்றாலும் ஊரும் உறவும் வந்து கூடுவதும் அங்கேதான்.

நம்மில் பெரும்பாலோர் நிலைமையும் இதுதான் அல்லவா? சென்னையிலோ மதுரையிலோ அடுக்குமாடி வீட்டில் இருக்கும் சகோதரிகள் தங்கள் கூடத்தை ஒருமுறை மனக்கண்ணால் சுற்றிப் பார்த்துக் கொள்ளட்டும். இடம் சின்னதாகவும் வேலை பெரிதாகவும் இருக்கிறது. தேசியக் கட்டிட விதித்தொகுப்பு, ஒரே ஓர் அறை உள்ள வீட்டில் அந்த அறை குறைந்தது 9.5 சதுர மீட்டர் — அதாவது சுமார் 102 சதுர அடி — இருக்க வேண்டும் என்றும், அகலம் 2.4 மீட்டருக்குக் குறையக் கூடாது என்றும் சொல்கிறது. 2024-இல் தமிழக அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் முழு வீடே 360 சதுர அடிதான். கடைக்காரரின் விளம்பரப் படத்தில் வரும் ஸோபாவோ, பந்து விளையாடக்கூடிய அறையில் போட்டுப் படம் பிடித்தது! அதைப் பார்த்து மயங்கினால் சிரமம் நமக்குத்தான்.

முதலில் கால் நடக்கட்டும்

ஆச்சியோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டு, மதினியிடம் இஞ்சு டேப் கேட்டேன். இருவரும் கூடத்தை அளந்தோம். கிழக்கு மேற்கில் 14 அடி. தெற்கு வடக்கில் 10 அடி. மொத்தம் 140 சதுர அடி. "கொஞ்சமாகவா இருக்கு? தாராளமான ஹால்தானே!" என்றார் அண்ணன்.

பார்ப்போம். தெருவாசல் கிழக்குச் சுவரின் தென்கோடியில். அடுக்களை வாசல் மேற்குச் சுவரின் தென்கோடியில். ஆகவே ஒரு வாசலிலிருந்து மற்றதற்கு, தெற்குச் சுவரை ஒட்டியே ஜனங்கள் நடந்தாக வேண்டும். கையில் தண்ணீர்க் குடமோ சாதப் பாத்திரமோ ஏந்தி ஒருவர் தாராளமாக நடக்க 3 அடி அகலம் தேவை. 14 அடி நீளத்துக்கு 3 அடி. 42 சதுர அடி பாதைக்குப் போயிற்று. படுக்கை அறைக் கதவு வடக்குச் சுவரின் மேற்கு மூலையில். அதற்குப் போக இன்னொரு 3 அடிப் பாதை, 7 அடி நீளம். 21 சதுர அடி. இரண்டையும் கழித்தால், 140 சதுர அடிக் கூடத்தில் சாமான் போடக்கூடிய இடம் 77 சதுர அடிதான்! கூடத்தில் ஏறக்குறைய பாதி, கூடமே அல்ல, தெரு.

இப்போது சாமான்களை எண்ணுவோம். பெரிய ஸோபா 6¾ அடி நீளம், 3 அடி ஆழம்: 20 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். ஒற்றை ஸோபாக்கள் இரண்டும் சேர்ந்து 18. டீப்பாய் 4 அடிக்கு 2 அடி: 8. டெலிவிஷன் மேஜை 5 அடிக்கு 1½ அடி: 7½. எல்லாமாக ஏறக்குறைய 54. எழுபத்தேழில் ஐம்பத்து நான்கு போனால் மிச்சம் 23. ஒருவர் படுக்கும் பாய்க்கு 6 அடிக்கு 3 அடி என்று 18 சதுர அடி வேண்டும். கணக்குக்கு ஒரு பாய் விரிக்கலாம். ஆனால் அந்த 23 சதுர அடியும் ஒரே இடத்திலா இருக்கிறது? இங்கே அரை அடி, அங்கே ஒன்றரை அடி என்று துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது.

வடக்குச் சுவரோடு பெரிய ஸோபா. அதற்கு எதிரே, முழங்கால் இடிக்காமல் உட்கார ஒன்றரை அடி விட்டு டீப்பாய். தெற்குச் சுவரில், பாதையிலேயே குந்திக்கொண்டு டெலிவிஷன் மேஜை. டீப்பாய்க்கும் அதற்கும் நடுவே மனிதர் நடக்க மிஞ்சியது 2 அடி. இடமில்லாமல் போன ஓர் ஒற்றை ஸோபா, படுக்கை அறைக் கதவைப் பாதிக்கு மேல் திறக்க விடாமல் காவல் காத்தது.

ஆச்சிக்குப் பாய் எங்கே? இரவில் டீப்பாயைத் தெற்கே தள்ளிவிட்டு, ஸோபாவின் காலடியில் விரித்துக் கொடுத்தார்கள். தள்ளிய டீப்பாய் நடைபாதையில் நின்றது. நடு ராத்திரியில், விளக்குப் போட்டால் பேரன் விழித்துக்கொள்வானே என்று இருட்டிலேயே எழுந்து புறவாசலுக்குப் போனாள் ஆச்சி. அறுபது வருஷம் பட்டாசலில் இருட்டில் நடந்து பழகிய கால். அந்தக் காலுக்கு டீப்பாய் என்று ஒன்று இருப்பது தெரியாது.

ஆகையால், ஸோபா வாங்குமுன் பாதையை வரையுங்கள். வாசலிலிருந்து அடுக்களைக்கு, அடுக்களையிலிருந்து படுக்கை அறைக்கு, படுக்கை அறையிலிருந்து குளியல் அறைக்கு. இந்தப் பாதைகளில் ஒரு ஸ்டூல்கூட இருக்கக் கூடாது. மிஞ்சும் இடம்தான் உங்கள் கூடம்.

யாருடைய முழங்கால்?

அடுத்தபடி நான் அளந்தது ஆச்சியை. "என்னை என்னத்துக்குட்டி அளக்கே? பெட்டி செய்யப் போறியா?" என்று கேட்டாள். வாய்க்கு மாவுக்கட்டுப் போடவில்லை என்று எனக்கு நிம்மதி.

தரையிலிருந்து அவளுடைய முழங்கால் மடிப்பு வரை 15½ அங்குலம். புது ஸோபாவில் உட்காரும் இடத்தின் உயரம் 18 அங்குலம். உட்கார்ந்தால் கால் தரையில் பாவாது. ஸோபாவின் இருக்கை ஆழமோ 23 அங்குலம். முதுகு சாய வேண்டுமானால் காலை மேலே தூக்கிப் போட வேண்டும். கால் தொங்க வேண்டுமானால் முதுகுக்குச் சாய்மானம் இல்லை. பஞ்சோ அமுங்கி உள்வாங்குகிறது. மூன்று நாள் அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "கிணத்துக்குள்ள விழுந்த மாதிரி இருக்கு" என்று சொல்லி ஆச்சி அடுக்களை வாசலுக்குப் போய்விட்டாளாம். வீட்டார் அதைப் பெரியவர்களின் பிடிவாதம் என்று எண்ணினார்கள். பிடிவாதம் அல்ல, அங்குலக் கணக்கு.

மேனாட்டில் இந்த அளவுகளை எல்லாம் சேர்த்து வைத்தவர் எர்ன்ஸ்ட் நாய்ஃபெர்ட் என்ற ஜெர்மன் கட்டிடக் கலைஞர். மனிதன் நின்றால், உட்கார்ந்தால், நடந்தால் எவ்வளவு இடம் வேண்டும் என்று 1936-இல் அவர் வெளியிட்ட புத்தகம் உலகெங்கும் கட்டிடக் கலைஞர்களின் மேஜையில் இருக்கிறது. ஆனால் அவர் அளந்தது ஜெர்மானிய உடம்பை. நம் நாட்டு உடம்புகளின் அளவுகளைத் தொகுத்து, தேப்குமார் சக்ரவர்த்தி எழுதிய நூலை ஆமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்புக் கல்விக்கழகம் 1997-இல் வெளியிட்டது. அப்படி ஒன்று இருந்தும், கடையில் கிடைக்கும் ஸோபாக்களில் பல, ஐந்தே முக்கால் அடி ஆண் ஒருவர் கால் நீட்டிச் சாய்வதற்கென்றே செய்தவைபோல் இருக்கின்றன. நம் வீட்டில் ஐந்தடி உயரப் பெண்கள் எத்தனை பேர்?

கடைக்குப் போகும்போது வீட்டிலேயே குள்ளமானவரையும் வயதானவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். முடியாவிட்டால் அவர்களுடைய முழங்கால் அளவையாவது எழுதிக்கொண்டு போங்கள். பெரியவர்களுக்கான நாற்காலிக்கு மூன்று இலட்சணம் வேண்டும். பாதம் தரையில் முழுதும் படிய வேண்டும். உட்காரும் இடம் அமுங்காமல் உறுதியாக இருக்க வேண்டும். ஊன்றி எழுந்திருக்க இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும். இந்த மூன்றும் உள்ள சாதாரண மர நாற்காலி, இல்லாத ஆயிரம் பொன் ஸோபாவைவிட மேல்.

மதினியின் இடம்

கூடத்தின் படத்தை ஒரு நோட்டுப் புத்தகத் தாளில் வரைந்தேன். ஓர் அடிக்கு அரை அங்குலம் என்று வைத்துக்கொண்டால், 14 அடிக்கு 10 அடி அறை, 7 அங்குலத்துக்கு 5 அங்குலமாக அடங்கிவிடுகிறது. அதில் வீட்டார் ஒவ்வொருவரும் உட்காரும் இடத்தில் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுக்கொண்டே வந்தேன். அண்ணன், பெரிய ஸோபாவின் மேற்கு ஓரம். பேரன், நடுவில். பேத்தி, ஒற்றை ஸோபாவில். ஆச்சி, அடுக்களை வாசல்.

"நீங்க எங்கே உக்காருவீங்க மதினி?"

மதினிக்குக் கேள்வியே விளங்கவில்லை. "எனக்கு என்னத்துக்குளா எடம்? அடுக்களைக்கும் பட்டாசலுக்கும் நடக்கவே நேரம் சரியா இருக்கு."

"பிள்ளைகளோட பரீட்சை நோட்டெல்லாம் எங்கே வச்சுத் திருத்துவீங்க?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அடுக்களையில, மாவு அரைக்கும்போது. இல்லைன்னா எல்லாரும் படுத்த பிறகு கட்டில்ல வச்சு."

சகோதரிகளே, இந்த வீட்டின் ஸோபா மதினியின் சீட்டுப் பணத்தில் வாங்கியது. அதில் அவருக்கு ஓர் இடம் இல்லை. யாரும் அவரை உட்காரக் கூடாது என்று சொல்லவில்லை. அண்ணன் அப்படிப்பட்டவர் அல்லர். வந்தவர்களை எங்கே உட்கார வைப்பது என்று ஆறு மாதம் கணக்குப் போட்டவர், தாம் எங்கே உட்காருவது என்று ஒரு நிமிஷம் நினைக்கவில்லை. அவ்வளவுதான்.

"வர்றவங்களைப் பிளாஸ்டிக் நாற்காலியில உக்காரச் சொன்னா நல்லா இருக்குமா? நாளைக்குப் பொண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் வரணும்லா?" என்றார். அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். விருந்தினருக்கு நல்ல இடம் கொடுப்பது நம் வழக்கம். ஆனால் அவர்கள் மாதத்தில் எத்தனை மணி நேரம் வருகிறார்கள்? நான்கு? ஐந்து? வீட்டில் இருப்பவர்களுக்குத் தினமும் மாலை ஐந்து மணி நேரம் அந்தக் கூடம் வேண்டும். முதலில் வீட்டாரின் இருக்கைகளை எண்ணுங்கள். அப்புறம் விருந்தினருக்கு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக்கூடிய நாற்காலிகளோ, மடக்கிக் கதவுக்குப் பின்னால் சார்த்தக்கூடிய நாற்காலிகளோ நான்கு போதும். மெத்தை தைத்து உறை போட்டுவிட்டால் அவையும் மரியாதையாகவே இருக்கும்.

பழைய பேப்பர் வைத்தியம்

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாமான் முழுவதையும் வாசலில் எடுத்துப் போட்டோம். கூடம் காலியாயிற்று. பழைய செய்தித்தாள்களை ஒட்டி, ஒவ்வொரு சாமானின் அளவுக்கும் வெட்டித் தரையில் விரித்தோம். படத்தில் தெரியாதது இதில் தெரியும். பேப்பரை மிதிக்காமல் அடுக்களையிலிருந்து காபி கொண்டுவந்து கொடுக்கச் சொன்னேன், அண்ணனை. நான்கு தடவை மிதித்தார். "சரி சரி, தெரியுது" என்றார்.

நீங்களும் செய்து பாருங்கள். ஸோபா வாங்குவதற்கு ஒரு வாரம் முன்பு, அதன் அளவுக்குப் பேப்பரை ஒட்டித் தரையில் போட்டு வையுங்கள். அந்த வாரம் முழுவதும் அதை மிதிக்காமல் வீட்டு வேலை நடந்தால் தைரியமாக வாங்கலாம். காசில்லாத ஒத்திகை இது. வாசல் நிலையின் உள் அகலத்தையும், மாடி வீடானால் படிக்கட்டுத் திருப்பத்தையும், லிப்டின் உட்புறத்தையும் அளந்து எழுதி வைப்பது இன்னும் முக்கியம்.

கடைசியில் ஏற்பட்ட ஏற்பாடு இது. ஓர் ஒற்றை ஸோபாவைத் தவிர மற்றவை வெளியேறின. டீப்பாயும் போயிற்று. உள்ளூரில் ஒருவர் எல்லாவற்றையும் 21,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். மதினியின் முகம் வாடியதை நான் மறைக்கப் போவதில்லை. இரண்டு வருஷச் சேமிப்பு. அளந்து பார்க்காத ஒரு தவறுக்கு அது அதிக விலைதான்.

பழைய வீட்டுத் தேக்குக் கட்டில் ஒன்று பின்புறக் கொட்டகையில் விறகு சுமந்துகொண்டு கிடந்தது. 6 அடி நீளம், 2½ அடி அகலம். ஆசாரி அதன் காலை 17 அங்குல உயரத்துக்கு அறுத்து, இழைத்து, மெருகேற்றிக் கொடுத்தார். இலவம் பஞ்சு மெத்தையும் கெட்டியான கைத்தறி விரிப்பும் போட்டு வடக்குச் சுவரோடு போட்டோம். பகலில் மூவர் உட்காரும் இருக்கை. இரவில் ஆச்சியின் கட்டில். இனித் தரையிலிருந்து கையூன்றி எழுந்திருக்கும் வேலை அவளுக்கு இல்லை. அதை அடுத்து ஒற்றை ஸோபா, அண்ணனுக்கு. அதையும் வாங்கி வைத்துக்கொண்டு அவரை நிற்க வைக்க முடியாது அல்லவா?

கிழக்குச் சுவரில் ஜன்னலோரம் இரண்டு நாற்காலிகள். ஒன்று ஆச்சிக்கு, கைப்பிடி உள்ளது, தெருவைப் பார்த்தது. மற்றது மதினிக்கு. அதன் பக்கத்தில் ஒன்றரை அடிச் சதுர ஸ்டூல், நோட்டுகள் வைக்க. சுவரில் ஏற்கெனவே இருந்த ப்ளக்கிலிருந்து ஒரு சின்ன விளக்கு. டெலிவிஷன் மேஜையை அகற்றிவிட்டு, பெட்டியைத் தெற்குச் சுவரிலேயே, அதன் நடுப்பகுதி மூன்றரை அடி உயரத்தில் வரும்படி மாட்டினோம். 43 அங்குல டெலிவிஷனை ஐந்தரை அடியிலிருந்து ஒன்பது அடிக்குள் உட்கார்ந்து பார்ப்பது கண்ணுக்குச் சௌகரியம். கட்டிலிலிருந்து அது ஏழரை அடி. யாராவது குறுக்கே நடந்தால் ஒரு விநாடி படம் மறையும், மறையட்டும்!

கணக்குப் பார்த்தால், கட்டில் 15, ஸோபா 9, நாற்காலிகள் 8, ஸ்டூல் 2¼. மொத்தம் 34 சதுர அடியும் கொஞ்சமும். மிச்சம் ஏறக்குறைய 43 சதுர அடி. அதுவும் ஒரே இடமாக. இரண்டு பாய் பக்கத்தில் பக்கத்தில் விரிக்கலாம். உளுந்தைக் கொட்டிப் புடைக்கலாம். வளைகாப்புக்குப் பத்துப் பெண்கள் வட்டமாக உட்காரலாம். கூடத்தில் வைத்திருக்க வேண்டிய மிக உயர்ந்த சாமான், காலித் தரை என்பது என் அபிப்பிராயம்.

மழைக்கும் புழுதிக்கும்

அளவைப் போலவே சாமானின் காலும் முக்கியம். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடிச் சீமை பட்ட பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி நகரத்தில் வீடு வீடாக வெள்ளம் புகுந்தது. அங்கே இருக்கும் எங்கள் உறவினர் ஒருவரின் கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை அலமாரி ஊறிப் பொரியாக உப்பிவிட்டது. தரையோடு தரையாக உட்கார்ந்திருந்த ஸோபா, கழுவவும் முடியாமல் காயவும் வைக்க முடியாமல், நாற்றம் தாங்காமல் தெருவுக்குப் போயிற்று. மிஞ்சியது எது தெரியுமா? பாட்டி காலத்து மரப் பெஞ்சும் பிளாஸ்டிக் நாற்காலிகளும்.

எல்லா வருஷமும் வெள்ளம் வராது. ஆனால் பெருக்குவதும் துடைப்பதும் தினமும் உண்டு. விளக்குமாறு உள்ளே போய் வர, ஆறு அங்குலமாவது தரைக்கு மேலே நிற்கும் காலுள்ள சாமானாக வாங்குங்கள். கடற்கரை ஊரானால் உப்புக் காற்றில் இரும்புக் கால் துருப்பிடிக்கும். வருஷம் ஒருமுறை பெயிண்ட் வேண்டும். ஓட்டப்பிடாரம் போன்ற கரிசல் ஊரானால் கோடையில் புழுதி ஜன்னல் வழியே வந்து துணியில் அப்பிக்கொள்ளும். கழற்றித் துவைக்க முடியாத உறை அங்கே உதவாது. ஒவ்வொரு சாமானையும் பார்த்து, "இதை நானும் பதினாறு வயதுப் பேத்தியும் சேர்ந்து நகர்த்த முடியுமா?" என்று கேளுங்கள். முடியாது என்றால், பண்டிகைக்கோ ஆபத்துக்கோ அதை நகர்த்த ஆள் தேடி அலைய வேண்டியிருக்கும்.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாமான் எங்கே வரும் என்று கட்டுவதற்கு முன்பே படத்தில் குறியுங்கள். மின்விசிறிக் கொக்கி, ப்ளக், ஜன்னலின் அடிமட்டம் எல்லாம் அதைப் பொறுத்தவை. காங்கிரீட் போட்ட பிறகு விசிறியை உட்காருகிறவர் தலைக்கு மேல் கொண்டுவர முடியாது. உட்காருகிறவர்தான் விசிறியைத் தேடிப் போக வேண்டும்.

நான் ஊருக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. ஆச்சிக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள். விரல்கள் இன்னும் முன்போல மடங்கவில்லை. உருண்டை பிடித்துச் சாப்பிடும் வலது கை தப்பியதே என்று சமாதானம் சொல்லிக் கொள்கிறாள். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களை எல்லாம் யார், எவர் மகள், எங்கே போகிறாய் என்று விசாரித்துவிடுகிறாளாம். போன வாரம் போன் செய்தபோது மதினி எடுத்தார்.

"என்ன செய்றீங்க மதினி?"

"நோட்டுத் திருத்திக்கிட்டு இருக்கேன்."

"எங்கே உக்காந்து?"

ஒரு நிமிஷம் பேச்சில்லை. அப்புறம் சிரித்தார். "என் நாற்காலியிலதான்."

இன்று இரவு உங்கள் வீட்டில் எல்லோரும் கூடத்தில் கூடியிருக்கும்போது ஒருமுறை சுற்றிப் பாருங்கள். உட்கார இடமில்லாமல் யார் வாசற்படியில் நிற்கிறார்கள், யார் அடுக்களை ஓரத்தில் தரையில் இருக்கிறார்கள் என்று குறித்துக் கொள்ளுங்கள். அது நீங்களாகவே இருந்தாலும் குறித்துக் கொள்ளுங்கள். இஞ்சு டேப்பை அங்கிருந்து பிடிக்க ஆரம்பிக்கலாம்.

அடுத்த வாரம் அடுக்களைக்குள் போவோம். மேடையின் உயரம் யாருக்காகக் கட்டியது என்று கேட்போம்.